உயிர் காக்கப் பிறந்த பாதை

பாதைகள் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. சந்தைக்குப் போவோர் நடந்து நடந்து ஒரு பாதை உண்டாகின்றது. வயலுக்கும் துறைக்கும் போவோரின் கால் பட்டு மற்றொன்று உண்டாகின்றது. அரசர் படை நடத்தவும், அடியார் திருத்தலம் சேரவும் அமைந்த பெருவழிகளை எல்லா நாட்டு வரலாற்றிலும் காணலாம். ஆனால், கடலிலே கலம் உடைந்து கரையில் ஒதுங்கிய ஒருவன், அவன் எந்த நாட்டவனாயினும் எந்த மொழியினனாயினும், எழுந்து நடந்து உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே வெட்டப்பட்ட பாதையைக் காண்பது அரிது. அத்தகைய பாதை ஒன்று கனடா தேசத்தின் மேற்கெல்லையில், வன்கூவர் தீவின் கரையோரமாகச் செல்கின்றது. மேற்குக் கரைப் பாதை என்று அதனை வழங்குவர்.

அதன் நீளம் 75 கிலோமீற்றர். இடையிலே தங்கிச் செல்ல ஊரில்லை. பொருள் வாங்கக் கடைத்தெரு இல்லை. அதிலே நடப்போர் உணவையும் கூடாரத்தையும் முதுகிற் சுமந்துகொண்டு, ஆறு அல்லது ஏழு நாட்களில் அதனைக் கடக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் இயற்கையின் அழகை நாடி வருவோரே. ஆயினும் அவர்கள் மிதித்துச் செல்லும் அந்தப் பாதை உல்லாசத்திற் பிறந்தது அன்று. அது பிறந்த கதையை அறியாமல் அதன் அழகை முற்றாக உணர்தல் இயலாது.

வன்கூவர் தீவு பரப்பளவில் இலங்கையின் ஏறத்தாழ அரைப்பங்கு உள்ளது. அதன் தென்கரைக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் இடையே யுவான் டி பூக்கா என்னும் நீரிணை கிடக்கின்றது. விக்ரோறியா, வன்கூவர், சியாட்டில் ஆகிய துறைமுகங்களை நாடிப் பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் பெருங்கப்பல்கள் இந்த நீரிணையின் வாயிலில் நுழைந்தே செல்கின்றன. வாயிலின் அகலம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். வானம் தெளிந்திருக்கும் நாளில் இது அகன்ற வாயில்தான். ஆனால் மாரிகாலத்திலே அங்கு தென்கீழ்த் திசையிலிருந்து புயல் வீசும். கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கு நோக்கி இழுக்கும். மழையும் மூடுபனியும் கண்ணை மறைக்கும். சூரியனையோ நட்சத்திரங்களையோ காணமுடியாத மாலுமி, கப்பல் ஓடிய வேகத்தையும் நேரத்தையும் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத நீரோட்டமோ அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிடும். வாயிலைத் தவறவிட்ட கப்பல் அடுத்துச் சென்று மோதுவது வன்கூவர் தீவின் பாறைக்கரையிலேதான்.

அந்தக் கரையின் இயல்பும் கொடியது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் தட்டைப் பாறைகள். அவற்றின் பின்னே செங்குத்தாக எழும் ஓங்கல்கள். ஓங்கலின் உச்சியிலிருந்து உள்நாடு முழுவதும் பரந்து கிடக்கும் அடர்ந்த மழைக்காடு. அங்கே ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 3000 மில்லிமீற்றர். இலங்கையின் ஈரவலயத்து மழைக்கு இது ஒப்பானது. ஆனால் இங்குள்ள வெம்மை அங்கு இல்லை. நனைந்தவனைக் குளிரே கொன்றுவிடும். கேதுரு மரங்களும் பிற ஊசியிலை மரங்களும் வானளாவ நிற்க, விழுந்த மரங்களின்மேல் மரங்கள் முளைத்து, அவற்றின் கீழே புதர்களும் சேறும் நிறைந்திருக்கும். கப்பலுடைந்து நீந்திக் கரையேறியவன்கூட அந்த ஓங்கலின் அடியிலோ அந்தக் காட்டின் நடுவிலோ மாண்டுபோதல் உண்டு. எத்தனையோ கலங்களை விழுங்கிய அக்கடற்பரப்புக்குப் பசிபிக்கின் மயானம் என்ற பெயர் வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அதனை ஆளில்லா நிலம் என்று கொள்வது தவறு. ஹூ-அய்-அற், டிற்றிடாற், பச்சீடாற் என்னும் மூன்று பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அக்கரையைத் தம் தாயகமாகக் கொண்டுள்ளனர். கேதுரு மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்களில் அவர்களின் முன்னோர் திமிங்கில வேட்டைக்குச் சென்றனர். ஊருக்கு ஊர் காட்டினூடே ஒற்றையடிப் பாதைகளையும் வைத்திருந்தனர். அக்கடலின் சீற்றத்தை அவர்கள் அறிந்த அளவுக்குப் பிறர் எவரும் அறிந்திலர். பச்சீனா குடாவிலே ஒரு குளிர்கால இரவில் நிலம் நடுங்கியதையும், பின்பு கடல் எழுந்து வந்து அங்கிருந்த ஊரை மக்களோடு அழித்ததையும் ஹூ-அய்-அற் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அந்தப் பேரலை 1700ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் தேதி இரவு எழுந்தது என்பதை, யப்பான் கரையில் அதே அலை சேர்ந்ததைக் குறித்த பழைய பதிவுகளைக் கொண்டு அறிவியலாளர் பின்னாளில் உறுதி செய்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதியைக் கண்ட இலங்கை மக்களுக்கு அந்த வாய்மொழிக் கதையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, பாதையின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, 1889ஆம் ஆண்டளவில், விக்ரோறியா நகரிலிருந்து தீவின் மேற்குக் கரையை நோக்கித் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. அது பீல் முனை வெளிச்சவீட்டோடு இணைக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டில் காமனா முனையிலும் ஒரு வெளிச்சவீடு எழுந்தது. கம்பியை மரத்துக்கு மரம் கட்டி, அதன் கீழே ஊழியர் நடந்து செல்லப் புதர்களை வெட்டி ஒரு தடம் வைத்தனர். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், அந்த ஊழியர் சென்று அதனை முடிந்துவிடுவர். தடம் என்று சொல்லத்தக்கதாக அக்கரையில் இருந்தது அவ்வளவே.

இந்நிலையில் 1906ஆம் ஆண்டு பிறந்தது. ஜனவரி 20ஆந் தேதி வலென்சியா என்னும் நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டிலை நோக்கிப் புறப்பட்டது. பயணிகளும் மாலுமிகளுமாக ஏறத்தாழ 170 பேர் அதில் இருந்தனர். வழியில் வானிலை கெட்டது. கப்பற்றலைவர் கணக்கினாலேயே வழி கண்டு செல்ல வேண்டியதாயிற்று. நீரோட்டம் கப்பலை அவர் எண்ணியதைவிட மிக வேகமாக வடக்கே தள்ளிச் சென்றது. 22ஆந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, நீரிணையின் வாயிலை ஏற்கெனவே கடந்துவிட்ட வலென்சியா, பச்சீனா முனைக்கு அண்மையில் பாறையில் மோதியது.

இருளிலும் கலவரத்திலும் இறக்கப்பட்ட படகுகள் கவிழ்ந்தன. பெண்களும் குழந்தைகளும் அலையிற் போயினர். எஞ்சியோர் கப்பலின் மேற்றளத்திலும் பாய்மரக் கயிறுகளிலும் தொற்றிக்கொண்டனர். பொழுது விடிந்தபோது, கரை கூப்பிடு தொலைவிலேயே தெரிந்தது. ஆனால் அது ஏறமுடியாத ஓங்கல். கப்பலிலே கயிறு எறியும் சிறு பீரங்கி ஒன்று இருந்தது. அதனைக் கொண்டு மெல்லிய கயிற்றை ஓங்கலின் உச்சிக்கு எறிந்தனர். கயிறு சென்று விழுந்தது. அதன் மறுநுனியைப் பற்றி மரத்திலே கட்ட ஒருவர் இருந்திருப்பின், அந்த மெல்லிய கயிற்றினால் தடித்த வடத்தை இழுத்து, அதன் வழியாக ஒவ்வொருவராகக் கரையேற்றியிருக்கலாம். ஆனால் உச்சியிலே எவரும் இல்லை. பாறை விளிம்பில் உரசி உரசிக் கயிறு அறுந்தது.

அந்நேரத்தில் ஒன்பது ஆண்கள் வேறோரிடத்திலே கரையேறியிருந்தனர். அவர்கள் தட்டுத் தடுமாறி ஓங்கலின் மேலே ஏறித் தந்திக் கம்பியைக் கண்டனர். கப்பலுக்கு நேரே உள்ள உச்சிக்குச் செல்வதா, கம்பியைப் பற்றிச் சென்று உதவி தேடுவதா என்ற நிலையில், அவர்கள் கம்பியைப் பின்பற்றினர். காட்டின் நடுவே ஒரு குடிலைக் கண்டு, அங்கிருந்த கருவியின் மூலம் பீல் முனை வெளிச்சவீட்டுக்குச் செய்தி அனுப்பினர். செய்தி பரவியது; கப்பல்கள் விரைந்து வந்தன. ஆனால் பாறைகளுக்கும் கொந்தளிப்புக்கும் அஞ்சி அவை நெருங்க முடியவில்லை. உதவிக்கப்பல் ஒன்று தூரத்திலே தெரிவதைக் கண்ட பெண்கள், அது தம்மை மீட்கும் என நம்பி, கடைசியாக இறக்கப்பட்ட மிதவையில் ஏற மறுத்துவிட்டனர்.

தரை வழியாகவும் மூவர் புறப்பட்டனர். மழையினால் பெருக்கெடுத்த ஆறு அவர்களைத் தடுத்தது. மறுநாள், அஃதாவது 24ஆந் தேதி காலையிலே, அவர்கள் அந்த உச்சியை அடைந்தனர். கீழே மக்கள் கப்பலைப் பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டனர். அறுந்த கயிறு புதரிலே கிடப்பதையும் கண்டனர். எறிவதற்கு அவர்களிடம் வேறு கயிறு இல்லை. சிறிது நேரத்திலே பேரலை ஒன்று எழுந்து கப்பலின் எஞ்சிய பகுதியையும் வாரிச் சென்றது. மாண்டோர் 136 பேர் என்பர். பிழைத்தோர் 37 பேர். அவர்களிலே ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ இல்லை.

முப்பத்தாறு மணிநேரம் அந்தக் கப்பல் கரையின் அருகே உயிரோடு கிடந்தது. அதிலிருந்தோரைக் கொன்றது கடல் மாத்திரமன்று. உச்சியை விரைந்து அடைய வழியொன்று இல்லாமையும் அவர்களைக் கொன்றது. இவ்வுண்மையை அந்நாளிலேயே பலர் உணர்ந்தனர். அமெரிக்க சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணைக்குழு ஒன்றை நியமித்தார். பீல் முனைக்கும் காமனா முனைக்கும் இடையே புதிய வெளிச்சவீடு வேண்டும் என்றும், கரையோரமாக நல்ல பாதையும் இடையிடையே தங்குமிடங்களும் வேண்டும் என்றும் அக்குழு கருதியது.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், பாதையின் தேவையை உணர்த்திய மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. பீல் முனை வெளிச்சவீட்டின் காவலராக இருந்தவர் தோமஸ் பற்றர்சன். அவர் மனைவி மின்னி பற்றர்சன். வலென்சியாவிலிருந்து தப்பியோர் அனுப்பிய செய்தியை ஏற்றவர் இந்த அம்மையாரே. டிசம்பர்ப் புயலில், கொலோமா என்னும் பாய்க்கப்பல் பாய் கிழிந்து பாறைகளை நோக்கி மிதந்து வருவதைத் தம்பதியர் கண்டனர். புயலில் கம்பியோ அறுந்திருந்தது. காவலர் விளக்கையும் ஊதுகுழலையும் விட்டு அகலுதல் கூடாது. ஆகவே கைக்குழந்தையின் தாயாகிய மின்னி பற்றர்சன் காட்டினூடே தனியே புறப்பட்டார். விழுந்த மரங்களின் மேலேறியும், கீழே தவழ்ந்தும், முழங்காலளவு சேற்றில் நடந்தும், ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து பாம்பீல்ட் துறையை அடைந்தார். அங்கு நங்கூரமிட்டிருந்த குவாட்ரா என்னும் அரசாங்கக் கப்பலுக்குச் செய்தி எட்டியது. அக்கப்பல் விரைந்து சென்று கொலோமாவின் மாலுமிகளை மீட்டது. அம்மையாரோ தம் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்று அன்றே வீடு திரும்பினார். 1911ஆம் ஆண்டில் அவர் காசநோயால் இறந்தார்.

கனேடிய அரசாங்கம் 1907ஆம் ஆண்டிலே வேலையைத் தொடங்கியது. பச்சீனா முனையிலே மரத்தாலான வெளிச்சவீடு கட்டப்பட்டு 1908ஆம் ஆண்டில் ஒளி பரப்பத் தொடங்கியது. பழைய தந்தித் தடம் அகலமாக்கப்பட்டது. ஆறுகளுக்குப் பாலங்கள் அமைந்தன. ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றருக்கு ஒன்றாகக் குடில்கள் எழுந்தன. ஒவ்வொரு குடிலிலும் கம்பளமும் உணவும் வைக்கப்பட்டன. தொலைபேசி ஒன்றும் வைக்கப்பட்டது. கலமுடைந்து வருபவன் எம்மொழியினனோ யார் அறிவார்? ஆதலால், அத்தொலைபேசியைப் பயன்படுத்தும் முறையைப் பல மொழிகளில் எழுதிவைத்தனர். என்றோ ஒருநாள், நள்ளிரவிலே, நனைந்து நடுங்கி வரப்போகும் முன்பின் அறியாத ஒருவனை எதிர்பார்த்து அக்குடில்கள் காத்திருந்தன. இதனை அறச்சாலை என்று சொல்வது மிகையாகாது.

இவ்வாறு பிறந்த பாதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அத்தொண்டைச் செய்தது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், வானொலியும் ராடர்க் கருவியும் மாலுமிகளுக்குத் துணையாயின. கப்பல்கள் பாறையில் மோதுவது குறைந்தது. பாதையைப் பேணுவதற்குரிய காரணமும் குறைந்தது. மழைக்காட்டிலே பேணாத பாதை நெடுநாள் நிலைப்பதில்லை. பாலங்கள் இற்றன, குடில்கள் சரிந்தன. காடு பாதையை மீண்டும் தனதாக்கிக்கொண்டது. அதற்குப் பின்பு, அந்தக் காட்டையும் கரையையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் நாட்டிலே வளர்ந்தது. 1970ஆம் ஆண்டிலே பசிபிக் விளிம்புத் தேசியப் பூங்கா அமைந்தது. பாதை அதன் ஒரு பகுதியாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் அது திருத்தப்பட்டு, நடப்போருக்குத் திறக்கப்பட்டது.

இன்று அதில் நடப்பவர் எவ்வாறு நடக்கின்றார்? கோடைகாலத்தையொட்டிய மாதங்களிலேயே பாதை திறந்திருக்கும், மாரியிலே மூடப்படும். முன்னரே அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறை உண்டு. புறப்படுமுன் பூங்கா அலுவலர் கூறும் அறிவுரைகளை ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும். அவ்வறிவுரைகளில் தலையாயது கடலின் வற்றுப்பெருக்கைப் பற்றியது. நடப்பவர் கையில் நிலப்படத்தோடு வற்றுப்பெருக்கு அட்டவணையும் இருத்தல் வேண்டும். ஏனெனில், பாதை சில இடங்களிலே காட்டினூடும், சில இடங்களிலே கடற்கரையிலும் செல்கின்றது. கடல் வற்றிய வேளையில் தட்டைப்பாறை அகன்ற வீதி போல் விரிந்து கிடக்கும். அதே பாறை சில மணிநேரத்தில் நீருக்கடியில் மறைந்துவிடும். அப்பொழுது ஒருபுறம் அலை, மறுபுறம் ஓங்கல் என்ற நிலையில் அகப்பட்டவனுக்குத் தப்ப வழி இல்லை. யாழ்ப்பாணத்துக் களங்கண்ணி மீனவர் வற்றையும் பெருக்கையும் அறிந்து தொழில் செய்வது போல, இங்கு நடப்பவரும் தம் கடிகாரத்தைக் கடலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு வற்று என்றால் இருளிலே எழுந்து புறப்பட வேண்டும். நண்பகலிலே பெருக்கு என்றால், கால்கள் துடித்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வடக்கு முனையாகிய பச்சீனா குடாவிலிருந்து புறப்படுபவருக்கு முதல் நாள் எளிதாகவே அமையும். பத்தாவது கிலோமீற்றரிலே பச்சீனா வெளிச்சவீடு எதிர்ப்படும். சற்று அப்பால், மிச்சிகன் ஓடை கடலிற் கலக்கும் இடத்திலே, துருவேறிய நீராவிக் கொதிகலன் ஒன்று கரைப்பாறையில் கிடக்கின்றது. 1893ஆம் ஆண்டில் அங்கு உடைந்த மிச்சிகன் என்னும் கப்பலின் எச்சம் அது. வலென்சியா மாண்ட ஓங்கலும் இந்தப் பகுதியிலேயே உள்ளது. பாதை அதன் உச்சியால் செல்கின்றது. அன்று கயிற்றைப் பற்ற ஆளில்லாதிருந்த அந்த உச்சியிலே, இன்று கோடை நாள் ஒவ்வொன்றிலும் மனிதர் நடக்கின்றனர்.

பின்பு ஆறுகள் வருகின்றன. பாலமில்லாத ஆறுகளின் மேலே கம்பி வடம் கட்டி, அதிலே சிறிய இரும்புக் கூடையைத் தொங்கவிட்டுள்ளனர். இருவர் அதில் அமர்ந்து, தம் கையாலேயே கயிற்றை இழுத்து அக்கரை சேர்வர். இருபத்தைந்தாவது கிலோமீற்றரிலே சூசியாற் நீர்வீழ்ச்சி, ஓங்கலின் மேலிருந்து அகன்ற திரை போலக் கடற்கரை மணலிலே நேராக விழுகின்றது. முப்பத்திரண்டாவது கிலோமீற்றரிலே நிற்றினாற் என்னும் ஏரி கடலோடு சேரும் இடுக்கு வாயில் உள்ளது. வற்றும் பெருக்கும் அதனூடே பேராறு போல ஓடுவதால், நடந்தோ நீந்தியோ அதனைக் கடத்தல் இயலாது. டிற்றிடாற் மக்களே படகோட்டி அங்கு நடப்போரை அக்கரை சேர்க்கின்றனர். நாற்பத்துநான்காவது கிலோமீற்றரிலே காமனா வெளிச்சவீடு. அதன் அயலிலே கடற்சிங்கங்கள் பாறைகளிற் படுத்து ஒலிப்பதைக் கேட்கலாம். நல்லூழ் உடையார்க்குச் சாம்பல்நிறத் திமிங்கிலம் நீர் பீச்சுவதும் தென்படும்.

கடினமானது தெற்குப் பகுதியே. அங்கு ஓடைகள் ஆழமான பள்ளங்களை அறுத்துச் செல்கின்றன. பள்ளத்தின் அடிக்கு இறங்கவும் மீண்டும் ஏறவும் மர ஏணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியுள்ளனர். பல மாடி வீட்டின் உயரத்தை, முதுகிலே பாரத்தோடு, மழையில் வழுக்கும் படிகளிலே ஏற வேண்டும். ஏணி முடிந்தால் சேறு. சேறு முடிந்தால் விழுந்த மரம். அம்மரத்தின்மேல் பாலம் போல் நடந்து செல்வதும் உண்டு. ஒரு மணிநேரத்தில் ஒரு கிலோமீற்றர் கடந்தால் அதுவே நல்ல நடை. கரை வழியே செல்பவருக்கோ ஓவன் முனையிலே வீடளவு பெரிய கற்குவியல்கள் காத்திருக்கின்றன. கடல் நன்றாக வற்றிய வேளையில் மட்டுமே அம்முனையைச் சுற்றிச் செல்லலாம். கடல் குடைந்த குகைகளும் வளைவுகளும் அங்குக் கண்ணைக் கவரும். கடல் திரும்புவதற்குள் அங்கிருந்து அகன்றுவிட வேண்டும் என்பதனால், அழகைக் கண்டு நிற்கவும் அதிக நேரம் இல்லை. எழுபத்தைந்தாவது கிலோமீற்றரிலே கோர்டன் ஆறு. அங்கே படகேறினால் பயணம் முடிவுறும்.

இவ்வளவு தூரத்தையும் நடப்பவர் எவற்றைச் சுமக்கின்றார் என்பதும் சிந்திக்கத்தக்கது. அனுபவமுடையோர் தம் உடல் நிறையின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத பாரத்தையே பரிந்துரைப்பர். ஆகவே வீட்டிலே இன்றியமையாதன என்று தோன்றிய பொருள்கள் பல விலக்கப்படுகின்றன. மழைக்கு ஓர் உடை, மாற்றுக்கு ஓர் உடை, கூடாரம், உணவு, அடுப்பு, நீரைத் தூய்மையாக்கும் மருந்து, காயத்துக்குக் கட்டு. இவற்றோடு மனிதன் ஒரு வாரம் வாழ்ந்துவிடுகின்றான். கரடியும் ஓநாயும் உலாவும் காடு அது. உணவைக் கூடாரத்தில் வைத்துறங்குதல் ஆகாது. தங்குமிடங்களிலுள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அல்லது உயர்ந்த மரக்கிளையிலே கட்டித் தொங்கவிட வேண்டும். கொண்டுவந்த குப்பையைக் கொண்டே திரும்ப வேண்டும்.

இத்தனை ஆயத்தம் செய்தும் ஆண்டுதோறும் பல பத்துப் பேர் அங்கே காலை முறித்தோ முழங்காலைப் பிசகியோ மீட்கப்படுகின்றனர். வழுக்கும் பலகையில் ஒரு கணக் கவனக்குறைவே இதற்குப் போதும். மீட்பதற்குப் பூங்கா அலுவலர் படகில் வருவர். ஆனால் படகு எல்லா இடத்திலும் கரை சேர இயலாது. கடல் சீறினால் எவ்விடத்திலும் இயலாது. ஆகவே விழுந்தவர் ஒரு நாள் முழுவதுங்கூடக் காத்திருக்க நேரலாம். அந்த வேளையிலே அவருக்குத் துணை யார்? அவ்வழியே வரும் மற்றொரு நடையரே. அவர் பொதியை இறக்கிக் கூடாரம் அடித்து, காயத்தைக் கட்டி, சூடாகப் பருகக் கொடுத்து அருகே இருக்கின்றார். வேறொருவர் செய்தி சொல்ல விரைகின்றார். மூன்று பழங்குடி மக்களிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட பாதைக் காவலர்களும் இப்பணியிலே பங்கு கொள்கின்றனர். பழைய குடில்கள் அழிந்துவிட்டன; தந்திக் கம்பியும் துருப்பிடித்து மரங்களிடையே மறைந்துவிட்டது. ஆனால் அவை எந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டனவோ அந்த நோக்கம் மனிதரிடத்திலே இன்னும் வாழ்கின்றது.

வலென்சியாவின் உதவிப் படகுகளில் ஒன்று, 27 ஆண்டுகளின் பின், 1933ஆம் ஆண்டிலே, அதே கரையின் அயலிலுள்ள பார்க்லி குடாவில் மிதந்துகொண்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டது. கப்பலின் பெயர் பொறித்த அதன் பலகை அருங்காட்சிப் பொருளாகப் பேணப்பட்டு வருகின்றது. பலகையைக் காண்போர் பழைய துயரத்தை நினைவுகூர்வர். பாதையிலே நடப்போரோ அத்துயரத்துக்கு மனிதர் அளித்த விடையின்மேலேயே நடக்கின்றனர். கடலைத் தடுக்க அவர்களால் இயலவில்லை; புயலை நிறுத்தவும் இயலவில்லை. ஆனால், இனி ஒரு கயிறு கரையை நோக்கி எறியப்படுமானால், அதைப் பற்றுதற்கு ஒரு கை அங்கே இருக்க வேண்டும் என்று துணிந்தனர். அதற்காகக் காட்டை வெட்டிப் பாதை அமைத்தனர்.

கரையோரத்தில் வாழும் மக்கள் எந்நாட்டிலும் இதனை உணர்வர். புயல் இரவிலே துறையில் விளக்கேந்தி நிற்பவர், கடலுக்குச் சென்றவர் தம் உறவினரா அயலவரா என்று வினவுவதில்லை. வன்கூவர் தீவின் அந்தப் பாதை, அவ்விளக்கின் ஒளியை 75 கிலோமீற்றர் நீளத்துக்கு நீட்டி வைத்ததற்கு ஒப்பாகும்.